கழுவி அனுப்பிய வண்டி

அத்தியாயம் 14

பெட்டியிலிருந்து வெள்ளி லோலாக்கு வெளியே வந்துவிட்டது. அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, கையிலிருந்த மாவைக்கூடத் தட்டாமல் நின்றிருந்த ஜிபெக்கை அப்படியே விட்டுவிட்டுத்தான் போன வாரம் நாம் கிளம்பினோம். பாவி மகள், விடிந்த பிறகும் அதே சந்தோஷத்தில்தான் இருக்கிறாள்.

லோலாக்கின் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா? மாமியார் பாத்மாகானுக்கு அவளுடைய மாமியார் போட்டுவிட்டது. பவழம் கோத்தது. காது மடலை இழுத்துத் தோளைத் தொடுகிற கனம். மூத்த மருமகளாக ஜிபெக் வந்திறங்கிய அன்று அவள் காதில் ஏறியது கொச்கோர் சந்தையில் வாங்கிய முலாம் தோடு. "வெள்ளி சின்னவன் பொண்டாட்டிக்கு" என்று அன்றைக்கே ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள் பாத்மாகான்.

ஆகவே, லோலாக்கு வெளியே வந்தால் கொழுந்தன் சமாத்துக்குப் பெண் அமைந்துவிட்டது என்று பொருள். மாப்பிள்ளையின் அம்மா போய்ப் பெண்ணின் காதில் மாட்டிவிட்டால் நிச்சயம் முடிந்தது. கல்யாணம் ஆனதும் கடைக்குட்டி பெற்றவளோடு இருப்பான். மூத்தவன் பெண்டாட்டி பிள்ளையோடு தனிக்குடித்தனம் போவான். எங்கள் பக்கம் அதுதான் முறை. வாய்க்காலுக்கு மேலே மண்கல் சுவர் இடுப்பளவு எழும்பி நிற்கிறதே, அதுதான் ஜிபெக் போகப்போகிற வீடு. அந்தக் கற்களுக்குக் களிமண் மிதித்தது அவள் கால். ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுகூட அவள் மனசுக்குள் முடிவாகிவிட்டது.

இவ்வளவும் மனசில் ஓட, அவள் டீக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது மாமியாரின் குரல் வந்தது.

"அங்க என்ன கனா கண்டுகிட்டு நிக்கிறே? வண்டியைக் கழுவு."

"நாளைக்குத்தானே அத்தை எப்பவும் கழுவுறது?"

"எப்பவும் கழுவுற மாதிரி கழுவாதே. இன்னிக்குத் தொட்டில்ல நான் உக்காந்து போறேன். நல்ல காரியம். ஒரு பொட்டு சேறு என் கண்ணுல பட்டுதோ, அதை எடுத்து உன் மூஞ்சில பூசிருவேன்."

நல்ல காரியம். ஜிபெக்குக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மற்றதெல்லாம் அவள் காதில் விழவே இல்லை.

தொட்டில் என்பது மோட்டார் சைக்கிளின் பக்கத்தில், தனிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும் பெட்டி. எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டி, மாவு மூட்டை, சீக்காளி, கல்யாணப் பெண் எல்லாருக்கும் பயணம் அதில்தான். ஜிபெக்கும் தலையில் வெள்ளைத் துணியோடு அதே தொட்டிலில்தான் இந்த வாசலுக்கு வந்தாள். அன்றைக்கு அதில் காய்ந்த சாணம் ஒட்டியிருந்தது. வரப்போகிறவளுக்காவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சமாத் வாய்க்காலிலிருந்து இரண்டு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். மலையில் பனி உருகி வருகிற தண்ணீர். கை வைத்தால் எலும்பு வரைக்கும் குத்தும்.

புகுந்த வீட்டு ஆண்களை மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதனால் சமாத்துக்கு ஜிபெக் வைத்த பெயர் சின்னத்துரை.

"என்ன சின்னத்துரை, வாளி தூக்குறதுக்கே கை நடுங்குது? இப்பவே இப்படின்னா அவ வந்தப்புறம் என்ன பண்ணப்போறீங்க?"

"யாரு வந்தப்புறம்?"

"அடேங்கப்பா, ஒண்ணும் தெரியாத பச்சைப்புள்ள. யாரு, எந்த ஊரு? என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் வாயைத் திறந்தா என்னன்னு கேளுங்க."

சமாத் குனிந்து வாளியின் பிடியைச் சரிசெய்தான். நேராகத்தான் இருந்தது அது.

"இன்னும் ரெண்டு வாளி கொண்டாரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு நடந்தான். காது மடல் சிவந்திருந்தது. வெட்கம் என்று ஜிபெக் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

வண்டி கழுவுவதில் அவளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் டப்பாவுக்குப் பாலிதீன் பையைப் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவாள். காற்று உறிஞ்சும் வாய்க்கு இன்னொரு பை. பிறகு எஞ்சினின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு மடிப்புகளுக்குள் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ் போகும். எண்ணெய்ப் பிசுக்கு ஊறியதும் சோப்புத்தூள் தண்ணீர். சைலன்சருக்கு அடுப்புச் சாம்பல். சக்கரத்துக் கம்பிகளுக்கு மட்டும் பழைய பல் பிரஷ். அது மகள் மேரிமின் வேலை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஐந்து வயசுப் பெரிய மனுஷி தேய்ப்பாள்.

"அம்மா, புது வீட்டுல நாய்க்குட்டி வளர்க்கலாமா?"

"வளர்க்கலாம்."

"கறுப்பு?"

"உனக்கு எது வேணுமோ அது. கம்பியைப் பார்த்துத் தேய்."

தொட்டிலின் மெத்தையைத் தூக்கியபோது அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. புத்தம் புது வெள்ளைத் துணி. மறந்துவிடக் கூடாதென்று பாத்மாகான் முந்தின நாளே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஜிபெக் கையைத் துடைத்துக்கொண்டு முடிச்சை லேசாக நெகிழ்த்திப் பார்த்தாள். லோலாக்கேதான். பவழம் இரண்டும் ஈரமான கண் மாதிரி பார்த்தன. தன் காதுக்கு வராத நகை என்று ஒரு நிமிஷம் தன் முலாம் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போகட்டும், இது போனால்தானே நமக்கு வீடு என்று தேற்றிக்கொண்டாள். நனைந்துவிடாமல் உள்ளே கொண்டுபோய் மெத்தை அடுக்கின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தேய்த்த தேய்ப்பைப் பார்த்திருக்க வேண்டும். பெட்ரோல் டேங்கில் முகம் தெரிந்தது.

பாத்மாகான் வெல்வெட் மேல்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். குறை கண்டுபிடிக்க முடியாதது அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது. கடைசியில் பாலிதீன் பை கண்ணில் பட்டது.

"இதென்னடி, தலைவலிக்காரிக்குக் கட்டுப் போட்ட மாதிரி? உள்ள இருக்கிற அழுக்கை மறைச்சு வச்சிருக்கியா?"

"அங்க தண்ணி படக்கூடாது அத்தை. பட்டா வண்டி..."

"எனக்கு நீ வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கிறியா? உன் அப்பன் வீட்டுல கழுதை வண்டிகூடக் கிடையாது."

சொன்னதோடு நிற்கவில்லை. பையைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். நிரம்பியிருந்த வாளியைத் தன் கையாலேயே தூக்கி அந்த இடத்தில் கவிழ்த்தாள். "இப்படிக் கழுவணும்" என்றாள்.

ஜிபெக் கிழிந்த பையைப் பொறுக்கி எடுத்தாள். மாமியாரை எதிர்த்துப் பேசாத மருமகள் என்று ஊரில் அவளுக்கு நல்ல பெயர். அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவள் விழுங்கியதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் இந்தத் தொடர் முடியாது. மாமியார் உள்ளே போனதும் துணியால் ஒற்றி எடுத்தாள். மேலே காய்ந்தது. உள்ளே போன தண்ணீரை என்ன செய்ய முடியும்?

ஜிபெக்கின் கணவன் ஏர்மெக் சந்தைப் பக்கம் போய் முடி வெட்டிக்கொண்டு திரும்பினான். முகத்தில் சென்ட் வாசனை. தலையில் நல்ல நாளுக்கு வைக்கும் வெள்ளைக் கம்பளித் தொப்பி. ஜிபெக் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பட்டன்வரை மாட்டியிருந்தான். தம்பி நிச்சயத்துக்கு அண்ணன் மிடுக்காகப் போகிறான் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. சமாத்தோ முழங்கால் வரை சேறும் கிழிந்த பனியனுமாக நின்றான்.

"என்ன, மாப்பிள்ளை இன்னும் குளிக்கவே இல்லையே. இந்தக் கோலத்துல மாமனார் வீட்டுக்குப் போனா பொண்ணை உள்ள வச்சுப் பூட்டிருவாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

பாத்மாகான் தொட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். ஏர்மெக் கிக்கரை உதைத்தான். வண்டி இருமிவிட்டு அடங்கியது. மறுபடி உதைத்தான். மறுபடியும் இருமல். உதைத்து உதைத்து வெள்ளைச் சட்டையின் முதுகு ஒட்டிக்கொண்டது. ஸ்பேனரை எடுத்து இரண்டு பக்கத்துப் பிளக்கையும் கழற்றினான். கன்னங்கரேலென்று நனைந்திருந்தன. பெட்டியிலிருந்து புதுசு இரண்டை எடுத்துப் போட்டுவிட்டு, பழசை ஜிபெக்கிடம் நீட்டினான்.

"தூக்கிப் போடு இதை."

அவள் வாங்கி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வண்டி அப்போதும் கிளம்பவில்லை.

"கிளம்பாது" என்றாள் பாத்மாகான். "எப்படிக் கிளம்பும்? வேணும்னே தண்ணிய ஊத்தி ஊற வச்சிருக்கா. இவளுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. வயித்தெரிச்சல்."

தண்ணீரை ஊற்றியது யார்? ஜிபெக்கின் வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, வேறொன்றைக் கேட்டாள்.

"எனக்கென்ன வயித்தெரிச்சல் அத்தை? சின்னத்துரைக்கு ஒரு நல்லது நடந்தா எனக்குச் சந்தோஷம்தானே?"

பாத்மாகான் சமாத்தைப் பார்த்தாள். சமாத் வாளியைப் பார்த்தான். ஏர்மெக் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பாத்மாகான் அவ்வளவு மனசாரச் சிரித்து ஜிபெக் பார்த்ததே இல்லை.

"சின்னவனுக்கா? கேட்டியா ஏர்மெக் இந்தக் கூத்தை. சின்னவனுக்குன்னு நினைச்சுத்தான் மகராசி காலையிலேர்ந்து இந்தத் தேய் தேய்ச்சிருக்கா."

"பின்ன யாருக்கு அத்தை?"

"யாருக்கா? வெள்ளைச் சட்டை போட்டுகிட்டு எதிர்ல நிக்கிறானே, கண்ணு அவிஞ்சா போச்சு? இவனுக்குத்தான். ஆத்துக்கு அந்தாண்ட தபால்காரர் மக. இன்னிக்குக் காதுல போட்டுட்டு வந்தா அடுத்த மாசம் நிக்காஹ். ஒரே ஒரு பொட்டப்புள்ளையைப் பெத்துப் போட்டுட்டு நீ பாட்டுக்கு உக்காந்திருப்பே, என் பேரைச் சொல்ல ஒரு பேரன் வேணாமா எனக்கு?"

ஜிபெக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று பார்த்தாள்.

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான் ஏர்மெக். "அம்மாதான், வண்டியைக் கழுவி முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னாங்க."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கமோ வருத்தமோ இல்லை என்பதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். வெயில் ஏறுகிறதே என்ற கவலை மட்டும் இருந்தது.

"வெள்ளி சின்னவர் பொண்டாட்டிக்குன்னு சொன்னீங்களே அத்தை."

"ஆம்பளப்புள்ள பெத்துக் குடுக்கிறவளுக்குன்னு இப்ப சொல்றேன்."

"அப்ப... வீடு?"

அந்தக் கேள்விக்குத்தான் பாத்மாகான் காத்திருந்தாள் போலிருக்கிறது. தொட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கூரை போட்டு அவளை அங்க வைக்கப்போறோம். ரெண்டு பேரும் ஒரே அடுப்படியில முடியைப் பிடிச்சு இழுத்துக்க வேணாம் பாரு. நீ இங்கதான். நீயும் போயிட்டா எனக்கு டீ ஊத்த யாரு இருக்கா?"

ஜிபெக்குக்கு முதலில் நினைவுக்கு வந்தது கணவன் அல்ல, அந்த ஜன்னல்தான். கிழக்குப் பார்த்து வைக்கலாம் என்றிருந்தாள். அங்கே நின்று வேறொருத்தி வெளியே பார்ப்பாள். தன் காலால் மிதித்த மண்ணுக்குள் அவள் படுத்துத் தூங்குவாள்.

"மலைச்சு நின்னது போதும்" என்றாள் மாமியார். "ஈரம் இருக்கிற இடம் உனக்குத்தானே தெரியும். துடை."

"துணியெல்லாம் நனைஞ்சிருக்கு அத்தை."

"உன் தலையில காஞ்சது ஒண்ணு இருக்கே."

சமாத் நிமிர்ந்தான். "அம்மா..." என்றான். கொழுந்தனுக்கு முன்னால் அண்ணி தலைத்துணியை எடுப்பதா? எங்கள் ஊரில் நாய்கூட அதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"நீ வாயை மூடு. எடுடி."

ஜிபெக் தலைத்துணியை அவிழ்த்தாள். பின்னல் இரண்டும் முதுகில் விழுந்தன. சமாத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். டப்பாவின் மூடியைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்த வாய்க்கால் தண்ணீரைத் தன் தலைத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒயர்களின் முனைகளையும் துடைத்தாள். நினைத்திருந்தால் ஒரு ஒயரை மாற்றிச் சொருகியிருக்கலாம். செய்யவில்லை. வண்டி போகட்டும் என்று எப்போது முடிவு செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"தொட்டில்ல இருந்த பொட்டலத்தை எங்க வச்சே?"

"உள்ள, மெத்தை மேல."

"எடுத்துட்டு வா. அப்படியே தலையை மூடிக்கிட்டு வா, அலங்கோலமா நிக்காதே."

ஜிபெக் உள்ளே போனாள். போனவள் உடனே வரவில்லை.

"உள்ள என்ன பிரசவமா நடக்குது?" என்று கத்தினாள் பாத்மாகான்.

வேறு துணியால் தலையை மூடிக்கொண்டு ஜிபெக் வந்தாள். வெள்ளைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டி, முறைப்படி குனிந்து கொடுத்தாள். பாத்மாகான் உள்ளங்கையில் ஒரு தரம் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு வெல்வெட் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"தள்ளுங்க. கிளப்பிடலாம்" என்றான் ஏர்மெக்.

பாத்மாகான் இறங்கவில்லை. நல்ல காரியத்துக்கு ஏறியவள் பாதியில் இறங்கக் கூடாதாம். அவளையும் சேர்த்துச் சமாத்தும் ஜிபெக்கும் வாசல் சரிவுவரை தள்ளினார்கள். வண்டி ஒரு தரம் முனகியது, பிறகு பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் கழுவின தண்ணீர்க் குட்டையில் சுழன்று, சேற்றை வாரி ஜிபெக்கின் முகத்திலும் மார்பிலும் அடித்துவிட்டுப் பாய்ந்தது. பளபளவென்று போனது வண்டி. வண்டியில் ஒரு பொட்டு சேறு இல்லை.

புழுதி அடங்கியதும் ஜிபெக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"காலையிலேர்ந்தா?"

சமாத் காலால் சேற்றைக் கிளறினான். "புல் அறுப்புலேர்ந்து."

புல் அறுப்பு நடந்து எத்தனையோ நாளாகிறது. அதற்கப்புறம் அந்தச் சுவருக்காக அவள் மண் மிதித்தபோது அவனும் பக்கத்தில் நின்று மிதித்தான். இன்று காலை கேலி பேசும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு தண்ணீர் தூக்கினான். அழலாமா என்று யோசித்தாள். அழுகை வரவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். டீ போட்டாள். மேரிமைத் தூக்கிக்கொண்டுபோய், கதவுக்கு நேர் எதிரே, விருந்தாளியும் பெரியவர்களும் மட்டும் உட்காரும் இடத்தில், மாமியாரின் மெத்தை விரிப்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இடம் கதவோரம், கெட்டில் பக்கத்தில். இங்கிருந்து பார்த்தால் அறை வேறு மாதிரி இருந்தது.

காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த சமாத் நடுவிலேயே நின்றுவிட்டான். அண்ணியின் காதில் முலாம் தோடு இல்லை. வெள்ளி தொங்கியது. பவழம் தோளைத் தொட்டு ஆடியது.

"அண்ணி, அது எங்கம்மா கொண்டுபோனது."

"உங்கம்மா கொண்டுபோனது வேற."

"அப்ப பொட்டலத்துல?"

"உங்கண்ணன் தூக்கிப் போடச் சொன்னாரே, ரெண்டு பிளக். சோடியாத்தான் வச்சிருக்கேன். துணி புதுசு, முடிச்சும் நல்லா போட்டிருக்கேன்."

சமாத் அப்படியே கதவோரம் உட்கார்ந்தான். "சபையில வச்சுப் பிரிப்பாங்களே. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சு காதைக் காட்டிகிட்டு இருக்குமே."

ஜிபெக்குக்கும் அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். தபால் பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு நடந்துபோகும் ஒல்லிப் பெண். அவள் ஒரு பாவமும் அறியாதவளாகத்தான் இருக்கவேண்டும். பரிதாபமாக இருந்தது. ஆனால் எழுந்து ஓடிப்போய் வண்டியை மறிக்கும் அளவுக்கு இல்லை.

"குனியட்டும். நானும் குனிஞ்சவதான்" என்றாள்.

மேரிம் அம்மாவின் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இது நமக்கா அம்மா?" என்றாள்.

ஜிபெக் பதில் சொல்வதற்குள் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் கழுவிய வண்டியின் சத்தம் அவளுக்குத் தெரியாதா? போனதைவிட வேகமாக வந்துகொண்டிருந்தது. சமாத் வெளிறிப்போய் எழுந்து வாசலுக்கு ஓடினான்.

அவள் எழுந்திருக்கவில்லை. கிண்ணத்தில் தனக்கு டீ ஊற்றிக்கொண்டாள்.

"வாசல்ல சேறா கிடக்கு சின்னத்துரை" என்றாள். "உங்கம்மாவைப் பார்த்து இறங்கச் சொல்லுங்க."